எண்ணூர் முகத்துவாரத்துல பால்வீதி எடுக்கப் போனேன், ஆரஞ்சு ஜூஸ்தான் வந்திருக்கு

வண்ணாரப்பேட்டை வாசி | ஞாயிறு காலை 8:10
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் இழை. நேத்து ராத்திரி பிரண்டோட பைக்ல எண்ணூர் முகத்துவாரம் போயிருந்தேன், கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம். மணி பதினொண்ணு. அமாவாசைக்கு மூணு நாள்தான் இருக்கு, நிலா கிடையாது, மேகமும் கிடையாது. கடலைப் பார்த்து டிரைபாட் போட்டேன். நிக்கான் டி5600, கூட வந்த 18-55 லென்ஸ். 18 மி.மீ., எஃப் 3.5, ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்திறன்) 6400, 30 விநாடி, ஜேபெக். வந்ததைப் பாருங்க. வானம் முழுக்க ஆரஞ்சு, நட்சத்திரம் எல்லாம் அரிசி மாதிரி நீண்டு கிடக்கு, பால்வீதி சுத்தமா இல்ல. லைட்ரூம்ல டீஹேஸ் (மங்கலை நீக்குற வசதி) 80 வெச்சதும் இன்னும் கேவலமாச்சு. லென்ஸ் மாத்தணுமா? இல்ல எடிட்டிங்ல ஏதாவது வழி இருக்கா?

மூன்றுகாலி | ஞாயிறு காலை 8:46
லென்ஸை மாத்தாதீங்க தம்பி, பணம் தண்டம். அரிசி ஏன்னு மட்டும் இப்போ சொல்லிடறேன், மத்ததை ஆபீஸ் போய்ச் சொல்றேன். (ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ். கேக்காதீங்க.)

வானம் மணிக்கு 15 டிகிரி சுத்துது. உங்க கேமராவுல 18 மி.மீ.க்கு 30 விநாடி திறந்து வெச்சா ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய 10 பிக்சல் நகர்ந்திருக்கும். 500ஐ லென்ஸோட மி.மீ.யால வகுக்கிற கணக்கு கேள்விப்பட்டிருப்பீங்க. உங்களுது கிராப் சென்சார், அதாவது ஃபிலிமை விடச் சின்னது, அதனால 18ஐ 1.5ஆல பெருக்கி 27, விடை 18 விநாடி, அதுக்குள்ள எடுத்தா நட்சத்திரம் நீளாதுன்னு சொல்வாங்க. அந்தக் கணக்கு ஃபிலிம் காலத்துது, இன்னிக்கு 24 மெகாபிக்சலுக்குத் தாங்காது. அதுலயும் துருவம் பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் மெதுவா நகரும், வான நடுக்கோட்டுல இருக்கிறது வேகமா நகரும். நம்ம ஊரு 13 டிகிரி அட்சம், தலைக்கு மேல இருக்கிறதெல்லாம் நடுக்கோட்டுக்குப் பக்கம். நமக்கு 8லருந்து 10 விநாடிதான்.

ப்ரீசெட் ராஜா | ஞாயிறு காலை 9:02
இதுக்கு எதுக்கு ப்ரோ இவ்ளோ கணக்கு? போட்டோஷாப்ல வானத்தை மாத்துற வசதி இருக்கு, ரெண்டே கிளிக். என்கிட்ட லடாக்ல எடுத்த பால்வீதி ரா ஃபைல் (கேமரா பதிஞ்ச மூல ஃபைல்) கிடக்கு, வேணும்னா தரேன். கீழ பாருங்க, உங்க படத்துலயே போட்டுக் காட்டியிருக்கேன். இன்ஸ்டாவுல போட்டா பிச்சுக்கும்.

விடிவெள்ளி | ஞாயிறு காலை 10:30
ராஜா, படம் அழகாத்தான் இருக்கு. ஆனா எண்ணூர்ல கடலைப் பார்த்து நின்னா கிழக்கு. நீங்க ஒட்டின பால்வீதி செங்குத்தா நிக்குது, அதோட மையம் தண்ணிக்கு நேர் மேல நடுவானத்துல இருக்கு. நம்ம ஊர்ல அந்த மையம் கிழக்கே அவ்ளோ உயரம் ஏறவே ஏறாது. தென்கிழக்குல எழும்பி, தெற்கே ஏறக்குறைய 48 டிகிரி உச்சிக்கு வந்து, தென்மேற்குல இறங்கிடும். வானம் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் பார்த்தா போதும், மானம் போயிடும்.

வண்ணாரப்பேட்டை வாசி, உங்க தப்பு செட்டிங்ல இல்ல, கடிகாரத்துல. பால்வீதியோட மையம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆப் கூட வேண்டாம், வீட்டுல நாள்காட்டி இருந்தா போதும். மூலம் நட்சத்திரத்துக்கும் பூராடத்துக்கும் நடுவுல. மூலம்னா விருச்சிகத்தோட வால். மாசி பிறக்கும்போது அது கடலுக்கு மேல தலை காட்டவே விடியக்காலம் மூணு மணி ஆகும். அப்புறம் தினமும் 4 நிமிஷம் முன்னாடி, மாசத்துக்கு 2 மணி நேரம். பங்குனி பிறக்கும்போது ஒரு மணிக்கே வந்துடும். நீங்க பதினோரு மணிக்கு எடுத்த படத்துல தண்ணிக்கு மேல பளிச்சுனு ரெண்டு இருக்கு பாருங்க, வலது பக்கம் சித்திரை, இடது பக்கம் மஞ்சளா சுவாதி. பால்வீதி அந்தப் பக்கமே கிடையாது. இல்லாத ஒண்ணை டீஹேஸ் எப்படிக் கொண்டுவரும்?

வண்ணாரப்பேட்டை வாசி | ஞாயிறு காலை 10:41
அக்கா, சிரிப்பும் வருது அழுகையும் வருது. சித்திரைன்னா ஜாதகத்துல வர்ற சித்திரையா? எங்கம்மா நட்சத்திரம் அது. முதல் தடவையா கண்ணால பார்த்திருக்கேன், அதுவும் தெரியாமலே.

மூன்றுகாலி | ஞாயிறு மதியம் 1:15
விடிவெள்ளி சொன்னதுல இன்னொரு நல்ல சேதி ஒளிஞ்சிருக்கு. வடசென்னையில மேற்கே பார்த்தா மணலி, தெற்கே பார்த்தா மொத்த ஊரு, வடக்கே அனல் மின் நிலையம், அதுக்கப்பால காமராஜர் துறைமுகம். தெருவிளக்கு இல்லாத ஒரே திசை கடல்தான். பால்வீதி மையம் எழும்புறதும் கடல் பக்கம்தான். மேற்குக் கடற்கரைக்காரங்களுக்கு இது கிடையாது, அவங்களுக்கு ஊருக்கு மேல எழும்பும், கடல்ல இறங்கும். வெளிச்சத்துல குளிச்சுக் கிடக்கிற நமக்கு இது ஒண்ணுதான் சலுகை. அதை விட்டுட்டு யாரும் ராத்திரி பத்து மணிக்குப் போய் நிக்காதீங்க.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கிக்கணும். வானத்தோட இருட்டை 1லருந்து 9 வரைக்கும் போர்ட்டில்னு ஒரு அளவுல சொல்வாங்க, 2001ல வந்தது. 1னா கும்மிருட்டு, 9னா மாநகர நடுமையம். நம்ம இடம் 8, 9ன்னு வெச்சுக்கோங்க. கண்ணுக்கு பால்வீதி தெரியாது. கேமராவுக்கு லேசான ஒரு திட்டு தெரியும், அதை இழுத்துக் கொண்டுவர்றதுதான் எடிட்டிங். லடாக் மாதிரி வரவே வராது.

எண்ணூர்க்காரன் | ஞாயிறு மதியம் 2:50
நான் போட்டோகிராபர் இல்ல. கூகுள்ல தேடும்போது எங்க ஊர் பேரு வந்துச்சு, உள்ள வந்தேன். அந்த முகத்துவாரத்துல எங்க அப்பா வலை போட்ட ஆளு. சனி ஞாயிறு ஆனா நாலு பைக்கு, டிரைபாட்டு, தண்ணி பாட்டிலு. வர்றவங்க எல்லாரும் புகைக்கூண்டை எடுக்கிறாங்க, இல்லாட்டி டீஹேஸோ என்னமோ சொல்றீங்களே, அதைப் போட்டு புகையைத் துடைச்சிட்டு கோவா மாதிரி ஆக்கிடறாங்க. அந்தப் புகையிலதான் சார் நாங்க துணி காயப் போடறோம். மொட்டை மாடியில கை வெச்சா சாம்பல் ஒட்டும். 2023 டிசம்பர்ல ஆத்துல எண்ணெய் வந்தப்போ ஒரு வாரத்துக்குக் கூட்டம் கூட்டமா கேமரா வந்துச்சு, அப்புறம் ஒருத்தனும் காணோம். எடுக்க வேணாம்னு சொல்லல. என்ன எடுக்கிறோம்னு தெரிஞ்சு எடுங்க.

இன்னொண்ணு. தரைக்காத்து வீசுற ராத்திரியில மணலிப் புகை மொத்தமும் கடல் பக்கம் போய் உட்காரும். நீங்க பார்க்கிற திசைலதான். மழை பேஞ்சு ஓஞ்ச மறுநாள் வாங்க. போகிக்கு மறுநாள் மட்டும் வந்துடாதீங்க, எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது.

ஷட்டர்பாய் | ஞாயிறு மாலை 3:20
அண்ணே, நியாயமான பேச்சு. நானும் அந்தக் கோவா கோஷ்டிதான், ஒத்துக்கறேன்.

ப்ரீசெட் ராஜா | ஞாயிறு மாலை 4:05
யாரையும் புண்படுத்தணும்னு இல்ல. ஆனா எடிட்டிங்கே தப்புங்கிற மாதிரி பேசாதீங்க. பால்வீதிப் படம் எல்லாமே எடிட்டிங்தானே. நூறு படத்தை ஒண்ணா அடுக்குறீங்க, வானத்துக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எடுத்து ஒட்டறீங்க. நான் ஒட்டினா மட்டும் குத்தமா?

விடிவெள்ளி | ஞாயிறு மாலை 5:38
கேள்வி சரியானதுதான், மழுப்ப மாட்டேன். என் கணக்கு இது: அன்னிக்கு, அந்த இடத்துல, அந்தத் திசையில இருந்த வெளிச்சத்தை எத்தனை தடவை அடுக்கினாலும் அது அந்த இடத்தோட படம். லடாக் வானத்தை எண்ணூருக்கு மேல போட்டா அது ஓவியம். ஓவியம்னு எழுதிப் போட்டுட்டா எனக்கு சண்டையே இல்ல.

எண்ணூர்க்காரனுக்கு ஒண்ணு சொல்லணும். நுங்கம்பாக்கத்துல 1792லயே வானாய்வகம் கட்டினாங்க. அங்க வேலை பார்த்த சி. ரகுநாதாச்சாரி 1867ல ஒளி மாறும் நட்சத்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சார், ஆர் ரெட்டிகுலின்னு பேரு. சென்னையிலருந்து அது தெற்கே தொடுவானத்துக்கு 14 டிகிரிக்கு மேல எழும்பவே எழும்பாது. இன்னிக்கு நுங்கம்பாக்கத்துல நின்னு அவ்ளோ தாழ்வா தெற்கே பார்த்தா மாடியில எரியிற விளம்பரப் பலகைதான் தெரியும். புகையும் வெளிச்சமும் உங்க ஊர்லருந்து மட்டும் வரல, நாங்க எல்லாரும் சேர்ந்துதான் ஏத்தியிருக்கோம்.

மூன்றுகாலி | ஞாயிறு இரவு 9:30
வீட்டுக்கு வந்துட்டேன். இனி வேலையைப் பேசுவோம்.

எடுக்கும்போது: ரா ஃபைல்ல எடுங்க, ஜேபெக் வேண்டாம். ஆரஞ்சை அப்புறம் இறக்குறதுக்கு இடம் வேணும். வெள்ளைச் சமன் (படத்தோட நிறச் சாயல்) 4000 கெல்வின்ல பூட்டிடுங்க, ஆட்டோவுல விட்டா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்துல வந்து அடுக்கும்போது தலைவலி. வி.ஆர்.னு சொல்ற கை நடுக்கக் குறைப்பை அணைச்சிடுங்க. ஃபோகஸ் கையால: திரையில நேரலைப் பார்வையை முழுசாப் பெரிசாக்கி, பளிச்சுனு இருக்கிற ஒரு நட்சத்திரத்தைக் குட்டிப் புள்ளியாக்குங்க, அப்புறம் வளையத்து மேல செல்லோ டேப் ஒட்டிடுங்க. கேமராவோட வர்ற லென்ஸ்ல ஃபோகஸ் வளையம் கை பட்டாலே ஓடிடும். தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல் விளக்கும் ஃபோகஸுக்கு நல்லா உதவும், சென்னைக்காரனுக்கு அது இலவசம்.

ஐஎஸ்ஓ 6400 வேண்டாம். வானமே வெளிச்சமா இருக்கு, 1600 போதும். ஹிஸ்டோகிராம்ல (படத்தோட வெளிச்சத்தைக் காட்டுற வரைபடம்) மேடு இடது ஓரத்துல ஒட்டாம, கால்வாசி தள்ளி நிக்கணும். 8 விநாடிப் படம் 60 எடுங்க, எட்டே நிமிஷம். எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கினா இரைச்சல், அதாவது படத்துல வர்ற பொடிப்புள்ளி, எத்தனை மடங்கு குறையும்னா, படங்களோட எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு. 16 படம்னா நாலுல ஒரு பங்கு, 60 படம்னா ஏறக்குறைய எட்டுல ஒரு பங்கு. விலை கூடின லென்ஸ் செய்யிறதை பொறுமை செய்யும்.

நம்ம ஊர் ராத்திரியும் சூடு, சென்சாரும் சூடாகும், சிவப்பு நீலப் புள்ளிகள் வரும். கடைசியில லென்ஸ் மூடியைப் போட்டு அதே செட்டிங்ல பத்துப் பதினஞ்சு படம் எடுத்து வெச்சுக்கோங்க, மென்பொருள் அதைக் கழிச்சிடும். கேமராவுல இருக்கிற நீள எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பை அணைச்சே வைங்க, ஒவ்வொரு படத்துக்கும் இரட்டை நேரம் தின்னும்.

அடுக்க சீக்வேட்டர் போதும், விண்டோஸ்ல இலவசம். தரையை அசையாம நிறுத்தி வானத்தை மட்டும் ஒழுங்குபடுத்துற வசதி அதுல இருக்கு. லினக்ஸ், மேக்னா சிரில்.

வண்ணாரப்பேட்டை வாசி | ஞாயிறு இரவு 9:52
அண்ணா, ஒவ்வொண்ணா நோட்ல எழுதிக்கிட்டேன். அடுக்கினதுக்கு அப்புறம்?

மூன்றுகாலி | ஞாயிறு இரவு 10:40
அப்புறம்தான் எல்லாரும் சறுக்குற இடம். அடுக்கின படம் முதல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி மந்தமா, ஒரு பக்கம் ஆரஞ்சா இருக்கும். அந்தச் சாய்வை முதல்ல எடுத்துடணும், வேற எதையும் தொடக்கூடாது. கிராக்ஸ்பெர்ட்னு இலவச மென்பொருள் இருக்கு, சிரில்லயும் பின்னணி நீக்கம் இருக்கு. ரெண்டுமே வானத்துல அங்கங்க சாம்பிள் எடுத்து, வெளிச்சச் சாய்வை மட்டும் கணக்குப் போட்டுக் கழிக்கும். தரையை மறைச்சிட்டு வானத்துக்கு மட்டும் பண்ணுங்க, இல்லாட்டி அலையையும் சாய்வுன்னு நினைச்சுக்கும்.

அதுக்கு அப்புறம்தான் கர்வ்ஸ், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளைகோடு. ஒரே தூக்கா தூக்காம நாலஞ்சு தடவை கொஞ்சம் கொஞ்சமா. டீஹேஸை மொத்தப் படத்துக்கும் போடாதீங்க. பால்வீதித் திட்டு மேல மட்டும் பிரஷ்ஷால மாஸ்க் போட்டு 15, 20. நீங்க 80 வெச்சப்போ அது புகையை எடுக்கல, புகைக்குள்ள இருந்த இரைச்சலைத்தான் பெரிசாக்கினது. அந்த ஊதாத் திட்டெல்லாம் அதுதான்.

வானத்தைக் கறுப்பாக்காதீங்க. ரொம்பப் பேர் பண்ற பாவம் இது. வடசென்னை வானம் கறுப்பு கிடையாது, இருண்ட சாம்பல், அடிவாரத்துல கொஞ்சம் பழுப்பு. அப்படியே விடுங்க. எண்ணூர்க்காரர் சொன்னதும் அதேதான்னு நினைக்கிறேன். தொடுவானத்தை ஒட்டி ஒரு விரற்கடை ஆரஞ்சை நான் எப்பவும் விட்டு வைப்பேன், அது இல்லாட்டி எந்த ஊர்ப் படம்னே தெரியாது.

ஷட்டர்பாய் | திங்கள் காலை 7:25
வெளிச்ச மாசு ஃபில்டர்னு ஒண்ணு விக்கிறாங்களே, வாங்கலாமா?

மூன்றுகாலி | திங்கள் காலை 7:40
பழைய மஞ்சள் சோடியம் விளக்குக்கு அது மருந்து. அந்த விளக்கோட வெளிச்சம் 589 நானோமீட்டரைச் சுத்தி ஒரே இடத்துல குவிஞ்சிருக்கும், ஃபில்டர் அந்த இடத்தை மட்டும் வெட்டிடும். இப்போ தெருவெல்லாம் எல்இடி, எல்லா நிறத்துலயும் பரவியிருக்கு, எதை வெட்டுறது? காசை மிச்சம் பிடிச்சு பழவேற்காடு போக பெட்ரோல் போடுங்க.

காசிமேட்டுக் கழுகு | திங்கள் காலை 11:10
என்னப்பா எல்லாரும் பால்வீதி பால்வீதின்னு! பால்வீதி இல்லாட்டி வடசென்னையில ராத்திரிப் படமே கிடையாதா? நான் நட்சத்திரத் தடம், அதான் நட்சத்திரம் நகர்ற கோடு, எடுக்கிற ஆளு. அதுக்கு இருட்டே தேவையில்ல. 20 விநாடிப் படம் 200, இடைவெளி இல்லாம. ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருள்ல, ஒவ்வொரு புள்ளியிலயும் அதிக வெளிச்சத்தை மட்டும் வெச்சுக்கிற 'லைட்டன்' முறையில அடுக்கினா முடிஞ்சுது. யூடியூப்ல வெள்ளைக்காரன் வட்ட வட்டமா எடுக்கிறானே, அதைப் பார்த்து ஏமாறாதீங்க. அவனுக்கு துருவ நட்சத்திரம் பாதி வானத்துல. நமக்கு 13 டிகிரி, மொட்டை மாடிச் சுவத்துக்கு மேல எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். வடக்கே எடுத்தா பாதி வட்டம் பூமிக்குள்ள போயிடும். கடல் பக்கம் எடுங்க. கிழக்கே நட்சத்திரம் ஏறக்குறைய நேரா மேல ஏறும், லேசா வலது பக்கம் சாய்ஞ்சு. தண்ணிலருந்து ஊதுபத்திப் புகை எழும்புற மாதிரி இருக்கும். உலகத்துல பாதிப் பேருக்குக் கிடைக்காத படம்.

துறைமுகத்துல படகை எடுக்கணும்னா தடைக்காலத்துல வாங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், நடக்க இடம் இருக்காது. ஆனா கட்டியிருந்தாலும் ஆடும்! 20 விநாடி வெச்சா கொடிக்கம்பம் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். படகுக்குத் தனியா ஐஎஸ்ஓவை ஏத்தி 1 விநாடியில ஒண்ணு எடுத்துக்கோங்க, வானத்துக்குத் தனியா. அப்புறம் சேர்த்துக்கலாம். ராஜா, இது நம்ம ஒட்டு, அக்கா அனுமதிச்ச ஒட்டு.

எடுக்கிறதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. வலை பின்றவர் பக்கத்துல போய் சட்டுனு டிரைபாட் விரிக்காதீங்க. பெரிய துறைமுகம், மின் நிலையம் கேட்டுப் பக்கமெல்லாம் போகவே வேண்டாம், ஒரு தடவை என் கார்டையே அழிக்கச் சொன்னாங்க. தப்பு என் மேலதான், போர்டு இருந்துச்சு.

விடிவெள்ளி | திங்கள் மாலை 6:20
ஊதுபத்தி நல்லா இருக்கே. நிலாவையும் சேர்த்துக்கோங்க. பௌர்ணமி அன்னிக்கு எடுக்காதீங்க, முதல் நாள் சாயந்திரம் போங்க. சூரியன் மறையிறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே நிலா கடலுக்கு மேல வந்துடும், படகு மேலயும் வெயில் இருக்கும், ரெண்டுக்கும் ஒரே எக்ஸ்போஷர் போதும். பௌர்ணமி அன்னிக்கு நிலா மேல வர்றதுக்குள்ள தரை இருட்டிடும், நிலா வெள்ளை ஓட்டையாத்தான் வரும். நம்ம ஊர்ல சூரியன் செங்குத்தா விழும், அந்தி இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். டீ குடிக்கப் போயிடாதீங்க. நிலா பெரிசா வேணும்னா பெரிய லென்ஸ் மட்டும் பத்தாது: 200 மி.மீ. லென்ஸ்ல நிலாவோட பிம்பம் சென்சார் மேல 2 மி.மீ. கூட வராது. படகுலருந்து நீங்க பின்னாடி தள்ளித் தள்ளிப் போகணும். படகு சின்னதாகும், நிலா அதே அளவு இருக்கும்.

எண்ணூர்க்காரன் | திங்கள் இரவு 8:15
இந்தத் தம்பி மறுபடி வந்தா சொல்லுங்க. அந்த மணல்திட்டுல எந்தப் பக்கம் தண்ணி ஏறும்னு காட்டறேன். ராத்திரியில தெரியாம நின்னா கால் உள்ள போகும்.

வண்ணாரப்பேட்டை வாசி | அடுத்த ஞாயிறு காலை 9:05
போய்ட்டு வந்துட்டேன்! எண்ணூர்க்காரன் அண்ணன் மூணு மணிக்கு லுங்கியோட வந்து நின்னாரு, டார்ச் அடிச்சு வழி காட்டினாரு. டிரைபாட் காலை ஈர மணல்ல அழுத்திப் புதைச்சு, நடுவுல தண்ணி கேனைத் தொங்க விட்டோம். பைலருந்து எடுத்ததும் லென்ஸ் ஆவி பிடிச்சிடுச்சு, வீட்டுல ஏசி ரூம்ல வெச்சிருந்த தப்பு, இருபது நிமிஷம் போச்சு. அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை உப்புத் துளியைத் துடைக்கணும். 8 விநாடி, ஐஎஸ்ஓ 1600, 70 படம். அஞ்சு மணிக்குக் கிழக்கு வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு.

படம் கீழ. பால்வீதி இருக்கா இல்லையான்னு எங்கம்மா கேட்டாங்க. விரல் வெச்சுக் காட்டினேன், "ஆமா, பால் சிந்தின மாதிரி கொஞ்சம் தெரியுது"ன்னாங்க. கீழே ரெண்டு கப்பல், ஓரத்துல அண்ணன் டார்ச்சோட நிக்கிறாரு. அந்தப் பழுப்பை எடுக்கல.

விடிவெள்ளி | அடுத்த ஞாயிறு காலை 9:20
விருச்சிகத்தோட கொடுக்கு வரைக்கும் முழுசா வந்திருக்கு! கேட்டை சிவப்பாவே இருக்கு பாருங்க, அந்த நிறத்தைக் கெடுக்காம விட்டீங்களே.

ப்ரீசெட் ராஜா | அடுத்த ஞாயிறு காலை 9:48
ஒத்துக்கறேன் ப்ரோ, என் ஒட்டை விட இது நல்லா இருக்கு. ரா ஃபைல் அனுப்புறீங்களா? சும்மா ஒரு தடவை பண்ணிப் பார்க்கணும். வானத்தை மாத்த மாட்டேன், சத்தியமா.

மூன்றுகாலி | அடுத்த ஞாயிறு காலை 10:02
எல்லாம் சரி தம்பி. தொடுவானம் ரெண்டு டிகிரி சாய்ஞ்சிருக்கு. கடல் மொத்தமும் வலது பக்கமா காசிமேட்டுக்கு வழிஞ்சிட்டிருக்கு, முதல்ல அதை நிமிர்த்துங்க.

காசிமேட்டுக் கழுகு | அடுத்த ஞாயிறு காலை 10:05
வரட்டும் வரட்டும், மீனும் சேர்ந்து வரும்.